என் காதுக்குக் கேட்காத விசில்

மூடப்போகும் ஒரு பீட்சா கடையிலிருந்து பழைய ஆர்கேட் பெட்டி ஒன்றை, அதாவது காசு போட்டு நின்றபடி ஆடும் வீடியோ கேம் பெட்டியை, வாங்கி வந்தேன். நியூஜெர்சியில் நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து காரில் அரை மணி நேரம். ஆறடி உயரம், பக்கவாட்டில் ஸ்டிக்கர் உரிந்த தழும்பு, இரண்டு ஜாய்ஸ்டிக்கில் ஒன்றின் உச்சியில் உருண்டையைக் காணோம். உள்ளே விளையாட்டை ஓட்டும் கேம் போர்டும் கிடையாது, யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் 19 அங்குல மானிட்டர் அப்படியே இருந்தது. கடைக்காரர் பிளக்கைச் செருகிக் காட்டினார். பிக்சர் டியூபின் கழுத்தில் ஆரஞ்சாக ஹீட்டர் எரிந்தது, திரை லேசாக வெளுத்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

கூட வந்த மகளுக்கு அப்போது 9 வயது. காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா, இது விசில் அடிக்குது" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. கடைக்காரருக்கும் கேட்கவில்லை. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்த விசிலை அன்றைக்கே கொஞ்சம் மதித்திருந்தால் ஒரு டிரான்சிஸ்டர் பிழைத்திருக்கும்.

என் திட்டம் எளிமையானதுதான். வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரைப் பெட்டிக்குள் வைப்பது, பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மேம் மென்பொருளைப் போடுவது, ஒரே திரையில் நூறு விளையாட்டு. கம்ப்யூட்டரிலிருந்து திரைக்குப் படம் கொண்டுபோகும் விஜிஏ கேபிள் ஒன்றை வெட்டி சிவப்பு, பச்சை, நீலம், கிரவுண்ட், சிங்க் (கோடும் படமும் எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும் சிக்னல்) என்று கம்பிகளைப் பிரித்து மானிட்டரின் முனைகளில் சேர்த்தேன். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரையில் ஒரே படம் இரண்டாக, நசுங்கிச் சாய்ந்து, பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தது. ஏதோ வருகிறதே என்று உற்சாகம். பின்பக்கச் சட்டத்தில், அதாவது மானிட்டரை ஓட்டும் சர்க்யூட் பலகையில், ஹரிசான்டல் ஹோல்ட் என்று எழுதிய திருகு ஒன்று இருந்தது. சின்ன வயதில் ஊரில் டிவி மெக்கானிக் இந்த மாதிரி ஒன்றைத் திருகித்தானே படத்தை நிறுத்துவார் என்று நானும் திருகினேன்.

படம் கிழிந்தது, சேர்ந்தது, மறுபடி கிழிந்தது. நான் விடவில்லை. மகள், "விசில் கீழே இறங்குதுப்பா" என்றாள். அடுத்த நொடி, கொசு ரீங்காரம்போல மெல்லிசாக எனக்கே அது கேட்டது. அட, நமக்கும் கேட்கிறதே என்று நினைத்து முடிப்பதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். திரை இருண்டது. திரையில் கோடு போட வைக்கும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட், ஃபியூஸ் போச்சு.

பக்கத்து ஊரில் பின்பால் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் சட்டத்தைக் கழற்றிக் கொண்டுபோனேன். பார்த்ததுமே, "கம்ப்யூட்டரை நேராக மாட்டினாயா?" என்றுதான் கேட்டார். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

பிக்சர் டியூபுக்குள் ஒரு எலக்ட்ரான் கற்றை தறியில் ஓடும் நாடாவைப் போல இடமிருந்து வலமாக ஓடி ஒரு கோடு போடுகிறது, சட்டென்று திரும்பி வந்து அடுத்த கோடு போடுகிறது. அமெரிக்காவின் பழைய டியூப் டிவியில் இது நொடிக்கு 15,734 முறை நடக்கும். பழைய ஆர்கேட் மானிட்டர்களில் பெரும்பாலானவை இதை ஒட்டித்தான் ஓடும். 15 கிலோஹெர்ட்ஸ் மானிட்டர் என்று அவற்றைச் சொல்வது அதனால்தான். மகளுக்குக் கேட்ட விசிலும் இதுதான்: நொடிக்கு 15,734 தடவை இழுபடும் டிரான்ஸ்பார்மரும் கற்றையை வளைக்கும் கம்பிச் சுருளும் மெல்ல அதிரும் ஓசை. வயதாக ஆக மேல் சுருதிகள் காதை விட்டுப் போய்விடும், அதனால் எனக்குக் கேட்பதில்லை. கம்ப்யூட்டரின் சாதாரண விஜிஏ இதைவிட இரண்டு மடங்கு வேகம், 31,469. அதனால்தான் ஒரே படம் இரண்டாகத் தெரிந்தது. மானிட்டர் ஒரு கோடு போடும் நேரத்தில் கம்ப்யூட்டர் இரண்டு கோடு அனுப்பிவிடுகிறது.

இதுவரை எனக்கும் ஓரளவு தெரியும். தெரியாதது அடுத்தது. வேகம் கூடினால்தான் மானிட்டர் எரியும் என்று நினைத்திருந்தேன். குறைந்தாலும் எரியும். அந்த டிரான்சிஸ்டர் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருமுறை ஆன் ஆகி ஆஃப் ஆகிறது. ஆனாக இருக்கும் நேரம் முழுக்கச் சுருளில் கரண்ட் ஏறிக்கொண்டே போகும். வேகம் குறைந்தால் அந்த நேரம் நீள்கிறது, கரண்ட் கூடுதலாக ஏறுகிறது, ஆஃப் ஆகும்போது எகிறும் வோல்டேஜும் அதற்கேற்பக் கூடுகிறது. நான் திருகை ஒரு ஓரத்துக்குக் கொண்டுபோய் வேகத்தை இறக்கியிருக்கிறேன். 46 வயசுக் காதுக்கு விசில் கேட்டதே, அதுதான் எச்சரிக்கை. "உனக்குக் கேட்டால் உடனே அணைத்துவிடு" என்றார் பெரியவர். சில டாலர் டிரான்சிஸ்டர், ஒரு ஃபியூஸ், அவருடைய ஒரு மணி நேரம். சட்டம் உயிர் பெற்றது.

உங்களிடம் இப்படி ஒரு பெட்டி இருந்தால், வேறு எதற்கும் முன் இரண்டு விஷயம். இந்த மாதிரிப் பழைய சட்டங்கள் பலவற்றுக்கு, வீட்டுக் கரண்டை நேராகத் தொடவிடாமல் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். பெட்டியின் அடியில் கனமாக உட்கார்ந்திருக்கும் அது இல்லாமல் சட்டத்தை நேராகச் சுவர் பிளக்கில் செருகவே கூடாது. அடுத்தது, டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட இடத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் நீண்ட நேரம் தங்கலாம். அதை எப்படி இறக்குவது என்று தெரிந்த ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்க்காமல் சட்டத்தைக் கழற்ற வேண்டாம். எழுத்தில் படித்துவிட்டுச் செய்கிற வேலை இல்லை அது.

சரி, மானிட்டர் திரும்பி வந்தது. இப்போது கேள்வி, கம்ப்யூட்டரை எப்படி 15 கிலோஹெர்ட்ஸில் பேச வைப்பது?

சாதாரண விண்டோஸ் அமைப்புகளில் இது கிடையாது. எனக்கு உதவியது பழைய ரேடியான் கிராபிக்ஸ் கார்டு, எச்.டி 5450. அதில் விஜிஏ, அதாவது அனலாக் வெளியீடு உண்டு. புதுக் கார்டுகளில் அது இல்லாமலே போய்விட்டது. அதற்கு மேல் குரூவி ஆர்கேட் என்ற லினக்ஸ் தொகுப்பு. அதில் குரூவிமேம் என்று மேமின் ஒரு வடிவம் இருக்கிறது. ஒவ்வொரு விளையாட்டும் அசல் போர்டில் எந்த வேகத்தில் ஓடியதோ அதே வேகத்தைக் கணக்குப் போட்டுக் கார்டுக்குச் சொல்லும். விண்டோஸ் பழகியவர்கள் சி.ஆர்.டி எமுடிரைவர் என்ற டிரைவரைப் போடுகிறார்கள், அதுவும் ரேடியானுக்குத்தான்.

கார்டுக்கும் மானிட்டருக்கும் நடுவில் ஜே-பேக் என்ற சின்னப் பலகையை வைத்தேன். கையால் வெட்டி ஒட்டிய கேபிளுக்கு மேல் இதற்குக் காசு செலவழிப்பது தகும். விஜிஏ கலர் சிக்னல் உச்சத்தில் 0.7 வோல்ட்தான். ஆர்கேட் மானிட்டர் அதைவிட வலுவான சிக்னலுக்குப் பழகியது, அதனால் நேராக மாட்டினால் படம் அழுது வடியும். ஜே-பேக் அதைத் தூக்கிக் கொடுக்கும், தனித்தனியாக வரும் இரண்டு சிங்க்கையும் ஒன்றாக்கும், வேகம் 15 கிலோஹெர்ட்ஸை விட்டு மேலே போனால் சிக்னலை நிறுத்திவிடும். இந்தக் கடைசி வேலை மிக முக்கியம். ஏனென்றால் கம்ப்யூட்டர் ஆன் ஆகி லினக்ஸ் வரும் வரை முதல் சில நொடிகள் 31 கிலோஹெர்ட்ஸில்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். அதோடு மானிட்டருக்குத் தனி ஸ்விட்சும் வைத்தேன். முதலில் கம்ப்யூட்டர், ஸ்பீக்கரில் பாட்டு வந்த பிறகு மானிட்டர். அணைக்கும்போது முதலில் மானிட்டர். வீட்டில் எல்லோருக்கும் இந்த வரிசை மனப்பாடம். மாமியார் வந்திருந்தபோது அவருக்கும் சொல்லிக் கொடுத்தாயிற்று.

இனி ஒரே வேகம் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அங்கேதான் நிஜமான வேலை ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் போர்டை வடிவமைக்கும்போது டிவி நிலையத்தின் விதியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கையில் கிடைத்த கிரிஸ்டல் (போர்டுக்குத் தாளம் போடும் துண்டு), அதன் வேகத்தை எத்தனையால் வகுத்தால் வசதி, அவ்வளவுதான். 1980ல் வந்த பேக்-மேனை எடுங்கள். நொடிக்கு 61,44,000 புள்ளி, ஒரு கோட்டுக்கு 384 புள்ளி. வகுத்தால் சரியாக 16,000 கோடு. ஒரு படத்துக்கு 264 கோடு, ஆக நொடிக்கு 60.6 படம். 1991ன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ல் 80 லட்சம் புள்ளி, கோட்டுக்கு 512, ஆக 15,625 கோடு, 59.64 படம். 1987ன் ஆர்-டைப்பிலும் கோட்டு வேகம் அதே 15,625தான். ஆனால் ஒரு படத்துக்கு 284 கோடு, அதனால் 55 படம்தான். 1992ன் மார்ட்டல் காம்பாட்டில் 15,810 கோடு, 54.7 படம்.

இந்தச் சில்லறை வித்தியாசத்துக்கா இவ்வளவு அலட்டல் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். மார்ட்டல் காம்பாட்டை 60ல் கட்டி ஓட்டினால் விளையாட்டு கிட்டத்தட்ட பத்து சதவீதம் வேகமாக ஓடும், குரல்களும் கீச்சென்று ஏறும். வேகத்தை 54.7லேயே விட்டுத் திரையை மட்டும் 60ல் வைத்தால் நொடிக்கு ஐந்து படத்தை இரண்டு தடவை காட்டியாக வேண்டும். ஆர்-டைப்பில் பின்னணி நிதானமாக வழுக்கிக்கொண்டு போகுமே, அது நொடிக்கு ஐந்து முறை தடுக்கி விழும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

முதலில் நான் செய்த முட்டாள்தனம், விளையாட்டு மாறும்போதெல்லாம் மானிட்டரின் திருகுகளைத் திருப்பியது. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குச் சரி செய்தால் பேக்-மேன் மூலைவிட்டமாகக் கிழியும். பேக்-மேனுக்குத் திருப்பினால் மற்றது ஒரு பக்கம் நகரும். ஒரு வாரம் இப்படியே போனது. அப்புறம்தான் புத்தி வந்தது: மானிட்டரை ஒரே ஒரு தடவை நடுநிலையில் நிறுத்திவிட்டு, மிச்சத்தையெல்லாம் எண்ணில் செய்ய வேண்டும்.

நடுநிலையைக் கண்டுபிடித்தது மகளின் காதும் ஒரு கண்ணாடியும். ஊரில் டிவி மெக்கானிக் வந்தால் அம்மாவிடம் முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கி டிவி முன்னால் நிறுத்திக்கொள்வார், பின்னாலிருந்து திருகியபடியே படத்தைப் பார்க்க. நானும் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி வந்து நாற்காலியில் சாய்த்து வைத்தேன். முதலில் வேகம் குறைந்த 15,625. திருகை ஒரு பக்கம் மெல்லத் திருப்பி எங்கே கிழிகிறதோ அங்கே பென்சில் கோடு, மறுபக்கம் கிழியும் இடத்தில் இன்னொரு கோடு. பிறகு வேகம் கூடிய 16,000. அதற்கும் இரண்டு கோடு. இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியின் நடுவில் திருகை விட்டேன். அதன்பின் இன்றுவரை அதைத் தொடவில்லை.

சரிபார்க்க ஒரு வழி: சிங்க் கம்பியைக் கழற்றிவிட்டால் மானிட்டர் தன் சொந்த வேகத்தில் ஓடும். அப்போது போனில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் ஏதாவது ஒரு செயலியைத் திறந்து, பெட்டிக்கு வெளியே நின்று காட்டினால் 15,000க்கும் 16,000க்கும் நடுவில் ஊசி மாதிரி ஒரு கோடு எழும்பும். அதுதான் உங்கள் மானிட்டரின் கோட்டு வேகம். எனக்கு 15,780 பக்கம் நின்றது. அதிர்வெண் மீட்டர் வேண்டாம், ஆசிலோஸ்கோப் வேண்டாம். இந்த வழி கிடைப்பதற்கு முன்பு மகளைத்தான் பேஸ்மென்ட்டுக்கு இறக்கி, "இப்ப கூடுதா, குறையுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் போனில் பார்த்தபோது அவள் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை.

படத்தை மேலும் கீழும் உருளாமல் பிடிக்கும் வெர்டிகல் ஹோல்ட் திருகுக்கு வேறு தந்திரம். பழைய சட்டங்களில் சிங்க் வந்ததும் படத்தை முன்கூட்டியே முடித்து மேலே அனுப்பத்தான் தெரியும், காத்திருக்கத் தெரியாது. அதனால் மானிட்டரின் சொந்த வேகம் நீங்கள் ஓட்டப்போகும் மிகக் குறைந்த வேகத்துக்கும் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். மார்ட்டல் காம்பாட்டின் 54.7ல் படம் உருளாமல் நிற்கும்படி வைத்தேன், 60.6ம் தானாகவே நின்றது.

அகலத்துக்கு என்று ஒரு சுருள் இருக்கும், நடுவில் ஆறு பட்டைத் துளை. அதில் பிளாஸ்டிக் திருகியை மட்டுமே விட வேண்டும். இரும்பு ஆலன் சாவியை விட்டால் உள்ளிருக்கும் ஃபெரைட் கட்டி சாக்பீஸ் மாதிரி உடைந்துவிடும், சுருளையே மாற்ற வேண்டி வரும். பெரியவர் தன் மேசையில் அப்படி உடைந்த நாலைந்தை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவாம்.

இப்போது எண்கள். கார்டுக்குப் படத்தின் வடிவத்தைச் சொல்லும் ஒற்றை வரிக்கு மோட்லைன் என்று பெயர். பார்த்தால் பயமாக இருக்கும்:

6.700 320 336 367 426 240 244 247 262

முதல் எண், நொடிக்கு எத்தனை மில்லியன் புள்ளி. அடுத்த நான்கும் ஒரு கோட்டின் கதை: 320 புள்ளி வரை படம், 336 வரை கறுப்பு, 336லிருந்து 367 வரை 'திரும்பி வா' என்று சொல்லும் சிங்க், அதன்பின் 426 வரை மறுபடி கறுப்பு. கடைசி நான்கும் அதே கதைதான், புள்ளிக்குப் பதில் கோடு. 67 லட்சத்தை 426ஆல் வகுத்தால் 15,728 கோடு, அதை 262ஆல் வகுத்தால் 60.03 படம். வகுத்தல் தெரிந்தால் போதும்.

படம் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால், சிங்க்கைக் கொஞ்சம் முன்னால் இழுக்க வேண்டும். 336, 367 என்பதை 332, 363 என்று மாற்றினால் சிங்க்குக்குப் பின்னால் வரும் கறுப்பு 4 புள்ளி நீள்கிறது, படம் அந்த அளவுக்கு வலப்பக்கம் நகர்கிறது. மொத்தம் 426 மாறாததால் வேகம் மாறாது, மானிட்டருக்கு ஆபத்தும் இல்லை. படம் குறுகலாக இருந்தால் புள்ளிகளை மெதுவாக அனுப்ப வேண்டும்:

6.400 320 332 362 407 240 244 247 262

வகுத்துப் பாருங்கள், கோட்டு வேகம் 15,725. முன்பு இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லாத மாதிரிதான். ஆனால் ஒரு கோட்டில் படத்துக்குக் கிடைக்கும் நேரம் 47.8 மைக்ரோ நொடியிலிருந்து 50 ஆகிவிட்டது. திரையில் ஒரு விரல்கடை அகலம் கூடும். சிங்க்கின் நீளத்தை மட்டும் 4.7 மைக்ரோ நொடியை ஒட்டியே வைத்திருங்கள், அதைக் குறைத்தால் மானிட்டர் தடுமாறும்.

எல்லா விளையாட்டுக்கும் இப்படிக் கையால் எழுத வேண்டியதில்லை. குரூவிமேமில் மானிட்டர் வகையை ஆர்கேட் 15 என்று தேர்ந்தெடுத்தால் 15,625க்கும் 16,200க்கும் நடுவில் அதுவே கணக்குப் போடும். ஆனாலும் ஒன்றிரண்டைக் கையால் எழுதிப் பார்த்தால்தான் அது என்ன செய்கிறது என்று புரியும். ரேடியான் கிடைக்காமல் வேறு கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: பல கார்டுகள் 6.7 மில்லியன் புள்ளி மாதிரிக் குறைந்த வேகத்துக்கு இறங்காது. அதற்கு 320க்குப் பதில் 2560 புள்ளி அகலம் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியையும் எட்டாக நீட்டியதுபோல. கோட்டு வேகம் அதே, கார்டும் சந்தோஷம்.

உயரம் மட்டும் எண்ணுக்கு மசியவில்லை. இதில் நான் இழந்த மாலைகளுக்குக் கணக்கில்லை. கற்றை மேலிருந்து கீழே இறங்குவது ஒரே நிதானத்தில். அதனால் படத்தின் உயரம் எத்தனை கோடு, ஒரு கோட்டுக்கு எவ்வளவு நேரம் என்பதை மட்டுமே பொறுத்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 காட்டுவது 224 கோடு, ஆர்-டைப் 256. கோட்டு வேகம் இரண்டுக்கும் ஒன்றே. ஆக ஆர்-டைப் 14 சதவீதம் உயரமாக வந்தே தீரும். கிடையாகப் புள்ளியின் வேகத்தை மாற்ற முடிந்தது, செங்குத்தாகக் கோட்டின் வேகத்தை அப்படி மாற்றவே முடியாது, அது மானிட்டரின் உயிர்நாடி. ஆக அகலம் எண்ணில், உயரம் திருகில்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் திரையை நிறைக்கும்படி உயரத்தை வைத்தால் ஆர்-டைப்பின் அடிப்பகுதி திரையின் விளிம்புக்குக் கீழே போய்விடும். அங்கேதான் விண்கலம் சுடும் பீம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் பட்டை. அது தெரியாமல் ஆர்-டைப் ஆடுவது பெட்ரோல் முள் இல்லாத பைக்கில் நெடுந்தூரம் போவது மாதிரி. ஆர்-டைப் முழுக்கத் தெரியும்படி உயரத்தைக் குறைத்தேன். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. வந்து பார்த்த நண்பர் ஒருவர் இதைக் குறை என்றார். அவர் ஆர்-டைப் ஆடுகிறவர் இல்லை.

ஆர்-டைப் 55 படத்தில் ஓட ஆரம்பித்த அன்று இன்னொரு பேய் வந்தது. திரையில் ஒரு நிழல்பட்டை அலைந்து அலைந்து, படத்தின் ஓரங்களை நெளித்துக்கொண்டு போனது. மற்ற விளையாட்டில் இது இல்லை. அப்படியானால் தப்பு என் மோட்லைனில்தான் என்று இரண்டு வாரம் எண்களை மாற்றி மாற்றி வைத்தேன். சிங்க்கை நீட்டினேன், கறுப்பைக் கூட்டினேன். பட்டை அசையவில்லை, அதாவது அசைந்துகொண்டே இருந்தது.

கடைசியில் பெரியவருக்குப் போன் போட்டேன். "உன் வீட்டுக் கரண்ட் எத்தனை ஹெர்ட்ஸ்?" என்று கேட்டார். அமெரிக்காவில் 60. அவ்வளவுதான் கேட்டார், எனக்குப் புரிந்துவிட்டது. மானிட்டரின் பவர் பகுதியில் உள்ள பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் கிழடாகி, வீட்டுக் கரண்டின் அலையைக் கசிய விட்டுக்கொண்டிருந்தது. படம் 60 பக்கம் ஓடும்போது அந்த அலையும் படமும் சேர்ந்தே நடப்பதால் நெளிவு ஒரே இடத்தில் நிற்கும், கண் பழகிவிடும். 60.6ல் மெல்ல ஊர்ந்தது, நான் கவனிக்கவில்லை. 55ல் வித்தியாசம் நொடிக்கு ஐந்து, அதனால் பேயாட்டம். கோளாறு எப்போதும் இருந்திருக்கிறது, ஆர்-டைப் அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது, அவ்வளவே. சட்டத்தில் இருந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றினோம். பட்டை போனது. கூடவே படத்தின் ஓரங்களும் நேராகின. அவை வளைந்திருந்ததே எனக்கு அதுவரை தெரியாது. முப்பது வருஷப் பழைய மானிட்டர் உங்களிடம் வந்தால் ஸ்கேன் வேகத்தைத் தொடுவதற்கு முன் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

தோற்றுப்போன இடம் ஒன்று உண்டு, பேக்-மேன். அசல் பெட்டியில் மானிட்டர் படுத்த வாக்கில் இல்லை, நிமிர்ந்து நிற்கும். பேக்-மேனின் உயரம் 288 புள்ளி, அவை மானிட்டருக்கு அகலமாகத்தான் தெரியும். என் மானிட்டர் படுத்திருக்கிறது. அதில் பேக்-மேனை நிமிர்த்திக் காட்ட 288 கோடு வேண்டும், மேல்கீழ்க் கறுப்பையும் சேர்த்தால் 308 பக்கம். நொடிக்கு 60.6 படம் என்றால் 18,600க்கும் மேல் கோட்டு வேகம். என் மானிட்டர் அந்த வேகத்துக்குப் போகாது, போகச் சொல்லவும் எனக்கு மனசில்லை. 15,700லேயே நின்றால் நொடிக்கு 51 படம்தான் வரும், ஆட்டத்தில் துரத்தும் பேய்களுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒரு கோடாகப் பின்னிக் காட்டினால் வேகம் சரியாக இருக்கிறது, படம் நடுங்குகிறது. கோடுகளைச் சுருக்கி 240க்குள் அடைத்தால் புள்ளிகள் சாப்பிடப்பட்டு பேக்-மேனின் வாய் கோணிக்கொள்கிறது. மூன்றையும் பார்த்தாயிற்று, மூன்றும் பிடிக்கவில்லை. கேலகாவுக்கும் இதே கதிதான். டேட்டோனா மாதிரி 24 கிலோஹெர்ட்ஸ் விளையாட்டுகளை நான் முயற்சி செய்யவே இல்லை, அவற்றுக்கு வேறு மானிட்டர் வேண்டும்.

பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். திருகுகள் எந்த நிலையில் நிற்கின்றன என்று படம், நான்கு விளையாட்டின் எண்கள், ஸ்விட்ச் போடும் வரிசை. ஒரு மாதத்துக்கு முன் இரண்டாவதாக ஒரு மானிட்டர் வந்தது, பேக்-மேனுக்காக நிமிர்த்தி வைக்க. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பேஸ்மென்ட்டில் சலவை இயந்திரம் இருக்கும் பக்கம் மட்டும் ஒரு டேப் ஒட்டி எல்லை போட்டுவிட்டாள். இந்த முறை கெப்பாசிட்டர் முதலில். பிறகு கண்ணாடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் மகளைக் கூப்பிட்டேன். வந்து ஒரு நிமிஷம் நின்றாள், ஹெட்போனைக் கழற்றாமலே, "போன்லயே பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

போனில் பார்த்தேன். 15,900. கொஞ்சம் ஏற்ற வேண்டும்.